எதற்குப் பதிலாக எதை?

1980களில் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களிடம் பெரிய நம்பிக்கை ஒன்று இருந்தது. காயும் பழமும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. காய், பழங்களில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமிச் சத்து அவர்களுடைய ரத்தத்தில் கூடுதலாக இருப்பதும் தெரிந்தது. அப்படியானால் அந்த பீட்டா கரோட்டினையே மாத்திரையாக்கிக் கொடுத்தால் என்ன? புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிறுவியவர்களில் முக்கியமானவரான ரிச்சர்ட் டாலும், ரிச்சர்ட் பீட்டோவும் வேறு சிலரும் சேர்ந்து 1981இலேயே ‘நேச்சர்’ இதழில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள்.

பின்லாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், மற்றவர்களுக்கு அது இல்லாத மாத்திரை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்தது. 1994இல் முடிவு வெளியானபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் வைத்து, 18,314 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அங்கே பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் இறப்பு 17 சதவீதமும் கூடுதலாக இருப்பது தெரிந்து, திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்னதாகவே 1996இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் முதன்முறை படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு கனத்தது. நல்லது நடக்கும் என்று நம்பித்தான் அத்தனை பேரும் தினமும் அந்த மாத்திரையை விழுங்கினார்கள்.

ஏன் இப்படி ஆனது? வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்வார்கள். காய் நிறையச் சாப்பிடுபவர் மற்ற விஷயங்களிலும் வேறுபட்டவர்: குறைவாகப் புகைப்பார், நடப்பார், உடம்புக்கு முடியாவிட்டால் உடனே மருத்துவரைப் பார்ப்பார், கையில் கொஞ்சம் காசும் இருக்கும். அது ஒன்று. காயில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்க, ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து இயல்பைவிடப் பல மடங்கு கொடுத்தால் அது வேறு மாதிரி வேலை செய்யும் என்பது இன்னொன்று. இரண்டும் சரிதான். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதைத்தான் மிக முக்கியமானதாக நான் நினைக்கிறேன். காயால் தட்டு நிறைந்தால், அந்த இடத்தில் வந்திருக்கக்கூடிய வேறு ஒன்று வராமல் போகிறது. மாத்திரை எதையும் தட்டிலிருந்து நகர்த்துவதில்லை. சாப்பிடுவதெல்லாம் அப்படியே இருக்க, மேலே ஒன்று கூடுகிறது. அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் படிக்க ஆரம்பித்தது அம்மாவுக்காக. சர்க்கரை நோய் என்று உறுதியானதும் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். முழுக்கத் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல். ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டபோது இன்னொரு தாள். அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுக் கேட்டார்: “அதுவும் கூடாது, இதுவும் கூடாதுன்னா அப்புறம் தட்டுல என்னத்தப் போடுறது?”

நாள்பட்ட நோயையும் உணவையும் பற்றி எத்தனையோ ஆய்வுக்கட்டுரைகளைப் புரட்டியாயிற்று. இதைவிடச் சரியான கேள்வியை நான் எங்கும் பார்க்கவில்லை.

மருந்து ஆராய்ச்சியில் ஒரு வசதி உண்டு. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில் வெற்று மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. உணவில் வெற்று உணவு என்று ஒன்று கிடையாது. ஒருவர் ஒரு பொருளைக் குறைத்தால் அவருக்குப் பசி எடுக்கும். அந்த இடத்துக்கு இன்னொன்று வந்தே தீரும். அதனால் ‘கொழுப்பு கெட்டதா’, ‘முட்டை நல்லதா’ என்பதெல்லாம் பாதிக் கேள்விகள். எதற்குப் பதிலாக என்ற மீதிப் பாதியைச் சேர்த்தால்தான் பதில் சொல்லவே முடியும். உணவு விஞ்ஞானம் நேற்றொன்று இன்றொன்று பேசுகிறது என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த முரண்களில் பெரும்பகுதி இந்த மீதிப் பாதியை விட்டுவிட்டதால் வந்தவை.

கொழுப்பின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1958இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு, நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு போன்றவற்றில் அதிகம் இருப்பது) அதிகம் உண்ணும் இடங்களில் மாரடைப்பும் அதிகம் என்று காட்டியது. பின்லாந்தின் கிழக்குப் பகுதியில் மிக அதிகம், கிரேக்கத்தின் கிரீட் தீவில் மிகக் குறைவு. கிரீட்டில் கொழுப்பு சாப்பிடாமல் இல்லை, ஆலிவ் எண்ணெயாக நிறையவே சாப்பிட்டார்கள். அப்படியிருந்தும் பிற்பாடு அமெரிக்காவில் பொதுமக்களின் காதில் விழுந்ததென்னவோ ‘கொழுப்பைக் குறை’ என்ற ஒரு வரிதான். எந்தக் கொழுப்பை, குறைத்த இடத்தில் எதை வைத்து என்ற விவரம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

அந்த ஒரு வரியையும் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். மாதவிடாய் நின்ற அமெரிக்கப் பெண்கள் 48,835 பேர். அவர்களில் ஒரு பகுதியினர் மொத்தக் கொழுப்பைக் குறைத்து, காய், பழம், தானியங்களைக் கூட்ட வேண்டும். சராசரியாக எட்டு ஆண்டுகள் கண்காணித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் குடல் புற்றுநோயிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றுமில்லை. மார்பகப் புற்றுநோயில் தெரிந்த சின்ன வித்தியாசமும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவுதான். ‘அப்போ உணவுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை’ என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் குறைத்தது எல்லாக் கொழுப்பையும். நல்ல எண்ணெயும் பாதாம் போன்ற கொட்டைகளும்கூட அதில் போயின. காயும் பழமும் கொஞ்சம் கூடின, மீதி இடத்தைப் பெரும்பாலும் மாவுச்சத்து நிரப்பியது. அது ஒரு குறிப்பிட்ட மாற்றீட்டின் தோல்வி.

எதிர்த்திசையில் ஸ்பெயின் ஆய்வு. இதய நோய் வரும் அபாயம் அதிகமுள்ள 7,447 பேர். இரண்டு குழுக்கள் மத்தியதரைக்கடல் பாணியில், அதாவது காய், பழம், பருப்பு வகைகள், மீன் என்று சாப்பிட வேண்டும். ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெயையும் இன்னொன்றுக்குத் தினமும் 30 கிராம் கொட்டைகளையும் ஆய்வாளர்களே கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை. ஐந்தாண்டுக்குள் முதல் இரண்டு குழுக்களிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 30 சதவீதம் குறைவு என்று 2013இல் அறிவித்தார்கள். உலகமே கொண்டாடியது.

அப்புறம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஜான் கார்லைல் என்ற ஆங்கிலேய மயக்கவியல் மருத்துவர், பல மருத்துவ ஆய்வுகளின் எண்களைப் புள்ளியியல் முறையில் சோதித்தபோது, இந்த ஆய்வின் குலுக்கலில் ஏதோ சரியில்லை என்று கண்டார். தோண்டிப் பார்த்தால், ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவரைக் குலுக்காமலே முதல் ஆளின் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஒரு மையத்தில் முழுக் கிளினிக்குகளையே மொத்தமாக ஒரு குழுவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 2018இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திரும்பப் போட்டு, அதே இதழில் மறுபடி வெளியிட்டார்கள். எண்கள் ஏறத்தாழ அதேதான், ஆனால் முடிவைச் சொன்ன தொனி அடக்கமானது. என் மதிப்பில் அந்த ஆய்வு இன்னும் நிற்கிறது. ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒரு சமையல், இன்னொருவருக்கு வேறு சமையல் என்று எந்தக் குடும்பமும் செய்யாது. சாப்பாடு ஒரு தனி ஆளின் விஷயமே இல்லை என்பதை அந்தத் தவறே காட்டிக்கொடுத்தது என்று எனக்குப் படுகிறது.

மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை, மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் இருந்த 9,423 பேருக்கு நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் சோள எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தது. இறப்பு குறையவில்லை. முழு விவரம் அப்போது வெளிவரவே இல்லை. கிறிஸ்டோபர் ராம்ஸ்டன் குழுவினர் பழைய தரவுகளைத் தேடிப்பிடித்து 2016இல்தான் வெளியிட்டார்கள். பலர் அந்த உணவைக் குறுகிய காலமே சாப்பிட்டார்கள். கொடுத்த மார்கரினில் (தாவர எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்யும் வெண்ணெய் போன்ற பொருள்) டிரான்ஸ் கொழுப்பு என்ற கெட்ட கொழுப்பும் இருந்திருக்கலாம். அதனால் இதை மட்டும் வைத்துத் தாவர எண்ணெய்களையே குற்றம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிடிக்காத முடிவு என்றாலும் அதை வெளியிட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

டிரான்ஸ் கொழுப்பு விஷயம் இதையெல்லாம்விடக் கசப்பானது. வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் நல்லது என்று மருத்துவர்களே சொன்ன காலம் அது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. 1990இல் நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டான் இருவரும் 59 ஆரோக்கியமான ஆட்களுக்கு மூன்று மூன்று வாரம் வெவ்வேறு கொழுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றியது, நல்ல கொலஸ்ட்ராலை இறக்கவும் செய்தது. பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்து 2003இல்தான் டென்மார்க் முதல் நாடாகச் சட்டம் போட்டது. கெட்டதை எடுத்துவிட்டு அதைவிடக் கெட்டதை அந்த இடத்தில் வைத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

சரி, யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதையாவது ஒழுங்காக அளக்க முடிகிறதா? நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வு ஒன்றில் நானும் சேர்ந்திருக்கிறேன். அங்கே ஒரு கேள்வித்தாள் தருவார்கள். கடந்த ஓராண்டில் முட்டையைச் சராசரியாக எத்தனை முறை சாப்பிட்டீர்கள்: மாதத்துக்கு ஒன்று முதல் மூன்று முறையா, வாரத்துக்கு ஒரு முறையா, வாரத்துக்கு இரண்டு முதல் நான்கு முறையா? இப்படிப் பக்கம் பக்கமாகப் போகும். பருவத்தில் தினமும் சாப்பிட்டு மற்ற மாதங்களில் தொடாத பழத்துக்கு என்ன சராசரி போடுவது? நாலு பேருக்குச் சமைத்த கறியில் என் தட்டுக்கு எவ்வளவு எண்ணெய் வந்தது? யோசித்து யோசித்து நேர்மையாகத்தான் நிரப்பினேன். ஆனாலும் நான் எழுதியது என் சாப்பாட்டைவிட என் ஞாபகத்தைத்தான் காட்டியிருக்கும்.

இதையும் அளந்திருக்கிறார்கள். சற்றே கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, அவை சிறுநீரில் எந்த வேகத்தில் வெளியேறுகின்றன என்று பார்த்தால், ஒருவர் நிஜமாகச் செலவழித்த ஆற்றல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். உடல் எடை மாறாமல் இருந்தால் சாப்பிட்டதும் ஏறத்தாழ அதே அளவுதான். அமெரிக்காவில் 484 பேரிடம் இப்படிச் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், கேள்வித்தாளில் மக்கள் சொன்ன கலோரி நிஜத்தைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சாப்பிடுவதை யாரும் கணக்கு வைத்துக்கொண்டு சாப்பிடுவதில்லை.

அதற்காகக் கேள்வித்தாள் ஆய்வுகளையெல்லாம் குப்பையில் போட வேண்டும் என்பவர்கள் கட்சியில் நான் இல்லை. 1976இல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் 1,21,700 பேர் சேர்ந்தார்கள். 1980 முதல் அவர்களிடம் உணவைப் பற்றியும் கேட்டார்கள். டிரான்ஸ் கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று 1993இல் அந்த ஆய்விலிருந்துதான் தெரிந்தது. மூன்று வாரச் சோதனை ரத்தத்தில் காட்டிய மாற்றத்தை, பல்லாண்டுக் கண்காணிப்பு இதயத்தில் காட்டியது. இரண்டு தனித்தனி வழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது. ஒற்றைக் கேள்வித்தாள் ஆய்வு, ஒற்றை உணவு, பத்துப் பன்னிரண்டு சதவீத வித்தியாசம் என்று செய்தி வந்தால் படித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மரபணுவை வைத்துச் சோதிக்கும் வழியும் இப்போது வந்திருக்கிறது. மிதமாகக் குடிப்பது இதயத்துக்கு நல்லது என்று பல கேள்வித்தாள் ஆய்வுகள் சொல்லிவந்தன. கிழக்காசியாவில் பலருக்குப் பிறப்பிலேயே ஒரு மரபணு மாற்றம் உண்டு. குடித்தால் முகம் சிவந்து குமட்டும், அதனால் குறைவாகவே குடிப்பார்கள். யாருக்கு அந்த மரபணு வாய்க்கும் என்பது பிறவிக் குலுக்கல். அவரவர் குணத்துக்கும் வருமானத்துக்கும் அதில் வேலை இல்லை. சீனாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கண்காணித்த ஆய்வு 2019இல் இதைப் பயன்படுத்தியது. சொல்லிக் கேட்ட கணக்கில் மிதமாகக் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவாகத் தெரிந்தது. மரபணுக் கணக்கில் அந்தப் பாதுகாப்பு மறைந்துபோனது. மது கூடக் கூடப் பக்கவாத ஆபத்தும் கூடியது.

பணமும் இதற்குள் புகுந்து விளையாடியிருக்கிறது. இதய நோய்க்குச் சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கிக் கொழுப்பைப் பெரிதாக்கிய ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை 1967இல் வந்தது. அதை எழுதிய ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்குச் சர்க்கரைத் தொழில் அமைப்பு பணம் கொடுத்திருந்தது என்பது, பழைய கடிதங்களைக் கண்டெடுத்தவர்கள் மூலம் 2016இல் வெளியே வந்தது. யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் இப்போதெல்லாம் நான் ஒரு கட்டுரையையும் படிப்பதில்லை.

அளவில் சிறியதென்றாலும் என்னை மிகவும் யோசிக்கவைத்த ஆய்வு அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் செய்தது. பிரேசிலின் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் ஒரு யோசனையை முன்வைத்திருந்தார்: உணவைச் சத்துகளாகப் பிரிக்காமல், தொழிற்சாலையில் எவ்வளவு மாற்றப்பட்டது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். ஹாலுக்கு முதலில் இதில் நம்பிக்கை இல்லை. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் நார்ச்சத்தும் சமமாக இருந்தால் எங்கே செய்தால் என்ன? சோதித்தே பார்த்துவிடலாம் என்று 20 பேரை ஆய்வு மருத்துவமனையில் நான்கு வாரம் தங்கவைத்தார். இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி முதல் நார்ச்சத்து வரை எல்லாம் சமம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கியது. வேகமாகச் சாப்பிட்டார்கள் என்பது பதிவானது. அது மட்டும்தான் காரணமா என்பதில் விவாதம் ஓயவில்லை. கேள்வித்தாள் எதுவும் இல்லாமல், தட்டில் வைத்ததையும் மீந்ததையும் எடைபோட்டு எடுத்த கணக்கு என்பதால் 20 பேர்தானே என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

இனி சர்க்கரை நோய். இங்கே எனக்குக் கோபமும் உண்டு, நன்றியும் உண்டு.

சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல், சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருந்த 577 பேரிடம் ஆறு ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சி மாற்றங்களைச் செய்து பார்த்தார்கள். ஆய்வு முடிந்த பிறகும் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள், முப்பது ஆண்டுகள் வரை. மாற்றம் செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. இதய, ரத்தநாள நோய்களால் இறப்பது 33 சதவீதம் குறைந்திருந்தது. ஆறு ஆண்டு முயற்சியின் பலன் முப்பதாம் ஆண்டிலும் தெரிகிறது. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், எடையை 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற மாற்றங்கள் சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதம்.

வந்துவிட்ட நோய்க்கு? அது ஒருவழிப் பாதை, மாத்திரை கூடிக்கொண்டே போகும் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் இங்கிலாந்தின் ராய் டெய்லர் 2011இல் 11 நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி அளவில் மட்டும் உணவு கொடுத்துப் பார்த்தபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரே வாரத்தில் இயல்புக்கு வந்தது. முதலில் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பும் பிறகு கணையத்தில் சேர்ந்த கொழுப்பும் கரைந்து, இன்சுலின் சுரப்பு திரும்பியது. அவரும் மைக் லீனும் சேர்ந்து பிரிட்டனின் சாதாரண மருத்துவர்களிடம் வரும் 306 பேரிடம் இதைப் பெரிதாகச் செய்தார்கள். எல்லோரும் நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். பாதிப் பேருக்குச் சில மாதங்கள் குறைந்த கலோரி பானங்கள், அப்புறம் மெல்ல மெல்லச் சாதாரண உணவு. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயின் அளவுக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 சதவீதம்தான். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம்! இரண்டாண்டில் அந்த 46, 36 ஆனது. ஐந்தாண்டில், தொடர்ந்து கண்காணித்தவர்களில் 13 சதவீதம். எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது. அந்தக் கடைசி எண்ணையும் சேர்த்துத்தான் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ‘சர்க்கரையை விரட்டலாம்’ என்று விளம்பரம் செய்வது நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம். அதே நேரத்தில், புதிதாக நோய் கண்ட ஒருவரிடம் இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதையே சொல்லாமல் விடுவதும் துரோகம்தான். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

(இதை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தானாக முயன்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.)

சதவீதங்களை இவ்வளவு அடுக்கிவிட்டதால் ஒரு எச்சரிக்கை. பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்னது. நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதைப் புரிந்துகொண்டவர்கள் ஏராளம். வாழ்நாளில் நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடியது, தினமும் சாப்பிட்டால் ஆறு பேருக்கு வரும்: கணக்கு அவ்வளவுதான். சதவீதத்தைப் பார்த்தால், எதன் சதவீதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தாள்கள் இரண்டிலும் இருந்தவை அவருடைய மனவுறுதியை நம்பிப் போட்ட கட்டளைகள். ஆனால் மிகப் பெரிய பலன் கண்ட இடங்களில் மனவுறுதிக்கு அதிக வேலை இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவர் உண்ணும் சர்க்கரை ஏறத்தாழ இரட்டிப்பானது. ரேஷன் முடிவதற்கு முன்னும் பின்னும் கருவாகிப் பிறந்தவர்களின் பிற்கால உடல்நலத்தை ஒப்பிட்டு 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் ரேஷனில் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் சுமார் 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதமும் குறைவு. அந்தக் குழந்தைகள் எந்தக் கட்டுப்பாட்டையும் கடைப்பிடிக்கவில்லை. அவர்களைச் சுற்றி இருந்த உணவு அப்படி இருந்தது.

ஏழு நாடுகள் ஆய்வில் மாரடைப்பு மிக அதிகமாக இருந்த கிழக்கு பின்லாந்தும் தன்னை மாற்றிக்கொண்டது. 1972இல் பெக்கா புஸ்கா என்ற மருத்துவரின் தலைமையில், அந்தப் பகுதியின் வட கரேலியாவில் தொடங்கிய திட்டம், வீட்டுப் பெண்கள் சங்கங்கள், கடைகள், உணவு நிறுவனங்கள், பள்ளிகள் எல்லாவற்றுக்குள்ளும் போனது. பால்பண்ணைகள் சிலவற்றை பெர்ரித் தோட்டங்களாக மாற்றவும் உதவினார்கள். புகைப்பழக்கமும் குறைந்தது, சிகிச்சையும் மேம்பட்டது, எல்லாம் உணவால்தான் என்று சொல்ல முடியாது. சில பத்தாண்டுகளில், உழைக்கும் வயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு உப்பைப் பற்றியது. சீனாவில் 600 கிராமங்கள், 20,995 பேர். முன்பே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைத் தாண்டி ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பாதிக் கிராமங்களுக்கு ஒரு மாற்று உப்பு கொடுத்தார்கள். முக்கால் பங்கு சாதாரண உப்பு (சோடியம் குளோரைடு), கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. உப்பே கூடாது என்று யாரையும் நச்சரிக்கவில்லை. அதே சமையல், அதே கை. ஐந்தாண்டு வாக்கில் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்திருந்தன. சோடியம் குறைந்ததும் பொட்டாசியம் கூடியதும் இரண்டுமே ரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால், எடுத்ததாலும் பலன், அந்த இடத்தில் வைத்ததாலும் பலன். 2021இல் வெளியான கட்டுரை அது. அன்றிரவே அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“கூடாதுன்னு ஒண்ணுமே சொல்லலியே இதுல,” என்றார்.

உடனே வாங்கிவிடவில்லை. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் இந்த உப்பு ஆபத்து. சீன ஆய்விலும் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. சர்க்கரை நோயாளிகளில் பலருக்குத் தெரியாமலே சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும். அதனால் அம்மாவின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்தார், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார், ரத்த அழுத்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பயன்படுத்தலாம் என்றார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்லிச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.